குறையிலிருந்து கருவிக்கு: ஒளியுணர் மின்சாதனங்களும் இந்தியாவும்

1873 பிப்ரவரியில், லண்டனில் தந்திப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு கடிதம் வாசிக்கப்பட்டது. எழுதியவர் வில்லோபி ஸ்மித். கடலடித் தந்திக் கம்பிகளைத் தயாரித்துப் பதித்துவந்த டெலிகிராப் கன்ஸ்ட்ரக்‌ஷன் அண்ட் மெயின்டனன்ஸ் நிறுவனத்தின் தலைமை மின்பொறியாளர் அவர். தாம் பயன்படுத்திய ஒரு பொருள் தம்மை ஏமாற்றிவிட்டதைத்தான் அக்கடிதத்தில் அவர் விளக்கியிருந்தார்.

கப்பலிலிருந்து கம்பியைக் கடலுக்குள் இறக்கிக்கொண்டே செல்லும்போது, அதன் காப்புறை சிதையாமல் இருக்கிறதா என்று இடைவிடாது சோதிக்க வேண்டும். அதற்குக் கரைமுனையில் மிக உயர்ந்த, ஆனால் மாறாத மின்தடை ஒன்று தேவைப்பட்டது. ஸ்மித் செலீனியத்தைத் தேர்ந்தார். 1817இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சிலியஸ் கண்டறிந்து, கிரேக்க மொழியின் நிலவுப் பெயரைச் சூட்டிய தனிமம் அது. செலீனியத் தண்டுகளின் மின்தடை போதிய அளவு உயர்ந்திருந்தது; நிலையாக மட்டும் இருக்கவில்லை. ஒரு நேரம் ஒரு அளவு, மறுநேரம் வேறொன்று. ஸ்மித்தின் உதவியாளர் ஜோசப் மே உள்ளிட்டோர் இம்மாறுபாட்டைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். தண்டை மூடியிட்ட பெட்டிக்குள் வைத்தபோது தடை மிகுந்தது. மூடியை விலக்கி ஒளி படச்செய்தபோது குறைந்தது. ஒளியின் செறிவுக்கேற்பக் கடத்துதிறன் 15 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்ததாக ஸ்மித் எழுதினார்.

ஒளிக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். 1839இல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல், கரைசலில் அமிழ்த்திய மின்வாய்களின்மீது ஒளி படும்போது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஆயினும் அது ஆய்வகக் காட்சியாகவே நின்றுவிட்டது. செலீனியத்தின் குறையோ உலகைச் சுற்றிக் கம்பியிழுத்துக்கொண்டிருந்த ஒரு தொழிலின் நடுவே வெளிப்பட்டது. 1870இல் சூயஸிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்க்கு வந்த கடலடிக் கம்பியைச் செய்ததும் இதே நிறுவனம். பேரரசு தன் குடியேற்ற நாடுகளுடன் உடனுக்குடன் பேச விரும்பியது. அந்த விருப்பத்துக்காக வாங்கப்பட்ட அளவைக் கருவிகளிடையே ஒளியுணர் சாதனம் எவரும் எதிர்பாராமல் பிறந்தது.

இந்தியாவின் பக்கம் நின்று இவ்வரலாற்றைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. மின்னலைக்கும் ஒளியலைக்கும் ஒருங்கே துலங்கும் குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு 1904இல் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவில் பணியாற்றியவர். அதே நாடு 1931இல் தன் பேசும்படங்களுக்கும், 1988இல் தன் தொலையுணர்வுச் செயற்கைக்கோளுக்கும் ஒளியுணரிகளை வெளியிலிருந்து வாங்கியது. இவ்விரு உண்மைகளுக்கும் இடையிலுள்ள தொலைவை எப்படி விளக்குவது?

தற்செயலும் தேவையும்

ஒளியுணர் சாதனங்களின் வரலாற்றில் தற்செயல் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. 1887இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏற்பிக் கம்பியின் இடைவெளியில் தோன்றும் சிறுபொறியைத் தெளிவாகக் காண, அதனை இருட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பொறி முன்னிலும் குறுகியது. அனுப்பும் பொறியிலிருந்து வந்த புறஊதாக் கதிர்களைப் பெட்டி தடுத்துவிட்டதே காரணம் என்று பின்னர்ப் புலப்பட்டது. ஒளி பட்ட உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும் ஒளிமின் விளைவின் முதல் தடயம் இதுவே. 1905இல் ஐன்ஸ்டைன் இதனை ஒளித்துகள் கருத்தால் விளக்கினார்; 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு இதன் பொருட்டே அளிக்கப்பட்டது.

தற்செயலாகக் கிடைத்தது கருவியாக நிலைபெற, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு தேவை வேண்டும். 1880இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் ஒரு பள்ளியின் மேற்கூரையிலிருந்து 213 மீட்டர் தொலைவிலிருந்த ஆய்வகச் சாளரத்துக்கு ஒளிக்கற்றையின் வழியே பேச்சை அனுப்பினர். பேசுவோரின் குரலால் அதிரும் மெல்லிய கண்ணாடி ஒளியின் செறிவை மாற்றியது. மறுமுனையில் செலீனியக் கலம் அம்மாற்றத்தை மின்னோட்டமாக்கித் தொலைபேசிக் கேட்பிக்குத் தந்தது. போட்டோபோன் என்று பெயர்பெற்ற இக்கருவியைத் தொலைபேசியினும் மேலானதாகப் பெல் மதித்தார். ஆனால் மேகமும் மழையும் குறுக்கிட்டால் உரையாடல் அறுந்தது. கம்பி வழித் தொலைபேசியோ எந்த வானிலையிலும் இயங்கியது. போட்டோபோன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1883இல் அமெரிக்காவின் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலீனியப் பரப்பின்மீது மெல்லிய பொன்படலம் இட்டுச் சூரிய மின்கலம் செய்தார். அதன் திறன் சுமார் ஒரு விழுக்காடு. நிலக்கரி மலிந்த காலத்தில் அதனை வாங்குவார் இல்லை.

கல்கத்தாவின் கலீனா

இந்தப் பின்னணியில் வைத்தே ஜகதீஷ் சந்திர போஸின் பணியை மதிப்பிட வேண்டும். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அவர், 1894 முதல் சில மில்லிமீட்டர் அலைநீளமே கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். கல்லூரியில் அவருக்கு ஒழுங்கான ஆய்வகம் இருக்கவில்லை. உள்ளூர்த் தகரவேலைத் தொழிலாளியைப் பழக்கியே தம் கருவிகளை உருவாக்கிக்கொண்டார்.

அக்காலத்து அலை ஏற்பிகள் உலோகத் துகள்களால் ஆனவை. ஒருமுறை அலையை ஏற்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்பத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது; ஈரக் காற்றில் உணர்திறன் இழந்தன. தானே மீளும் ஏற்பியைத் தேடிய போஸ் பல பொருள்களைச் சோதித்துக் கலீனா என்னும் ஈய சல்பைடுக் கனிமத்தை அடைந்தார். படிகத்தின்மீது ஒரு கூர்முனை தொட்டுநிற்கும் எளிய அமைப்பு அது. 1901 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டு, 1904 மார்ச் 29 அன்று 7,55,840 என்ற எண்ணுடன் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் உரை, கருவியின் நோக்கமாக மின் அலைகளுடன் ஒளியலைகளையும் பிற கதிர்வீச்சுகளையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் புலப்படாத அலையையும் ஒரே படிகம் உணரும் என்னும் கருத்து அக்காப்புரிமைக்குள் இருக்கிறது.

போஸுக்குக் காப்புரிமையில் விருப்பமில்லை என்பதும், நண்பர்களான சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் வற்புறுத்தியதாலேயே விண்ணப்பம் அனுப்பப்பட்டது என்பதும் பலரும் அறிந்த செய்தி. உரிமையில் பாதி சாரா புல் பெயரிலேயே பதிவாயிற்று. கிடைத்த உரிமையைப் போஸ் பொருளீட்டப் பயன்படுத்தவில்லை. அவருடைய நாட்டம் அதற்குள் வேறு திசையில் சென்றுவிட்டது. 1902இல் வெளிவந்த அவருடைய நூல், விழித்திரையில் ஒளி எழுப்பும் மின்துலங்கலையும் உயிரற்ற ஒளியுணர் கலத்தின் துலங்கலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டது. உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையே கோடு எங்கே என்பதே அவரைப் பற்றிக்கொண்ட வினா. அங்கிருந்து அவர் தாவரங்களுக்குச் சென்றார்; 1917இல் நிறுவிய போஸ் ஆய்வு நிறுவனத்தில் அவ்வாய்வு தொடர்ந்தது.

போஸைப் பற்றி இன்று இரண்டு எளிய கதைகள் உலவுகின்றன. எல்லாவற்றையும் அவரே முதலில் கண்டுபிடித்தார் என்பது ஒன்று. காலனிய அரசு அவரிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றைச் சுருக்கிவிடுகின்றன. கலீனா போன்ற சல்பைடுகளில் மின்சாரம் ஒருதிசையில் எளிதாகச் செல்வதை 1874இலேயே ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுன் அறிவித்திருந்தார். போஸின் தனிச்சிறப்பு அப்பண்பைக் கதிர்வீச்சு உணரியாக மாற்றியதில் இருக்கிறது. மறுபுறம், காப்புரிமையைப் போஸ் விடாப்பிடியாகப் பயன்படுத்தியிருந்தாலும் அதைக் கொண்டு கல்கத்தாவில் என்ன செய்திருக்க முடியும்? படிகங்களைத் தூய்மையாக்கும் ஆலை இல்லை. வானொலிக் கருவி செய்யும் தொழிற்கூடம் இல்லை. வாங்கும் கடற்படையோ தந்தித்துறையோ உள்ளூர் அறிவியலாளரின் பொருளைக் கேட்கவில்லை. தேவை இருந்தது, அத்தேவையின் கொள்முதல் முடிவுகள் லண்டனில் எடுக்கப்பட்டன.

அதே ஈய சல்பைடின் பிற்கால வாழ்வு இதற்குச் சான்று. 1930களில் பெர்லினில் எட்கர் குட்ஷர் அதன் அகச்சிவப்பு உணர்திறனை ஆராய்ந்தபோது, அதற்குப் பின்னால் ஒரு படைத்துறை நின்றது. இருளிலும் வெப்பத்தை உணரும் கண் போருக்குத் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஈய சல்பைடு உணரி ஆய்வகத்தைக் கடந்து தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது.

திரைக்குப் பின்னிருந்த விழி

இந்தியப் பொதுமக்கள் ஒளிமின்கலத்தை முதன்முதலாகப் பெருந்திரளாக எதிர்கொண்ட இடம் திரையரங்கு. ஆனால் அவர்கள் அதைப் பார்க்கவில்லை, கேட்டார்கள். 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் அரங்கில் 'ஆலம் ஆரா' வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று, டி. பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படமாக வந்தது.

படச்சுருளின் ஓரத்தில் ஓடும் குறுகிய ஒலித்தடத்தில் குரல் ஒளிநிழலாகப் பதிந்திருக்கும். சுருள் நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் ஓடும்போது, ஒரு சிறுவிளக்கின் ஒளி மெல்லிய பிளவின் வழியே அத்தடத்தை ஊடுருவி மறுபுறத்து ஒளிமின்கலத்தின்மீது விழும். தடத்தின் அடர்வும் அகலமும் மாற மாறக் கலத்தின் மின்னோட்டமும் மாறும். பெருக்கி அதனை ஒலிபெருக்கிக்கு அனுப்பும். படம் சட்டகம் சட்டகமாக நின்று நின்று செல்ல வேண்டும். ஒலியோ சீராக ஓட வேண்டும். ஆகவே ஒரு காட்சிக்குரிய ஒலி, அதன் படத்துக்கு 20 சட்டகம் முன்னதாகவே சுருளில் பதியப்பட்டது. விளக்கு மங்கினால் குரல் மெலிந்தது. பிளவில் தூசு படிந்தால் பாட்டு கரகரத்தது. கதாநாயகியின் குரல் அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டுவது, படம் ஓட்டுபவர் அந்தச் சிறு கண்ணாடிக் குமிழைத் துடைத்து வைப்பதைப் பொறுத்திருந்தது.

பேசாப்படங்களுக்கு இசை வாசித்தவர்களும், கதையை விளக்கிச் சொன்னவர்களும் அரங்குகளில் இருந்தனர். ஒளிமின்கலம் வந்தபின் அவர்களின் இடம் போயிற்று. மறுபுறம், பாடத் தெரிந்த நாடக நடிகர்களுக்குத் திரை திறந்தது. மொழிவாரிச் சினிமா என்னும் புதிய நிலப்பரப்பு உருவாயிற்று. பேசாப்படத்துக்கு எழுத்துப் பலகையை மாற்றினால் போதும், எந்த மாகாணத்திலும் ஓடும். பேசும்படம் தன் மொழிக்கு ஒரு சந்தையைத் தேட வேண்டியிருந்தது. தென்னிந்திய மொழிச் சினிமாக்களின் தனித்த எழுச்சிக்கான காரணங்களுள் இத்தொழில்நுட்ப மாற்றமும் ஒன்று.

ஆனால் அரங்குகளின் படவீழ்த்திகளும் அவற்றின் ஒலித் தலைகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தன. இங்கு தேவை இருந்தது. நாடெங்கும் பரவிய, பணம் கொடுத்து வாங்கத் தயாராயிருந்த தேவை அது. எனினும் நூற்றுக்கணக்கான அரங்கு முதலாளிகளிடையே சிதறிக்கிடந்த அத்தேவை ஓர் ஆலையாகத் திரளவில்லை. பழுதுபார்க்கும் திறன் இங்கே வளர்ந்தது. படைக்கும் திறன் வளரவில்லை. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வேறுபாடு போதிய கவனம் பெறாத ஒன்று.

சுரங்கத்திலும் வானிலும்

விடுதலைக்குப்பின் ஒளியுணர் சாதனம் இந்திய அறிவியலின் மிகத் துணிவான இரண்டு முயற்சிகளில் இடம்பெற்றது. ஒன்று நிலத்துக்கடியில், மற்றொன்று மலைக்காட்டில்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்துடனும் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துடனும் இணைந்து ஒரு சோதனையை அமைத்தது. எம். ஜி. கே. மேனனும் பி. வி. ஸ்ரீகண்டனும் அதன் முதன்மையாளர்களுள் அடங்குவர். காஸ்மிக் கதிர்களில் ஏனைய துகள்களை மேலேயுள்ள பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். அது பாறையில் மோதிப் பிறப்பிக்கும் துகள், நெகிழிப் பலகையைக் கடக்கையில் கண்ணுக்கெட்டாத மினுக்கம் ஒன்று தோன்றும். அந்த மினுக்கத்தைக் காண்பது ஒளிமின் பெருக்கிக் குழாயின் வேலை. ஒளியால் வெளியேறும் ஒற்றை எலெக்ட்ரானை அடுக்கடுக்கான மின்வாய்களில் மோதவைத்து, பத்து லட்சம் மடங்குக்கும் மேலாகப் பெருக்கித் தரும் குழாய் அது. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டதாகக் கோலார்க் குழுவின் ஆய்வுரை 1965 ஆகஸ்டில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் அமெரிக்கக் குழு நடத்திய இணையான சோதனையின் உரை அடுத்த சில நாள்களில் வந்தது.

இச்சாதனையைப் பேசும்போது, அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. வட ஆர்க்காடு முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்ற, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தொழிலாளர்களின் உழைப்பில் உருவான இருள் அது. உலகின் மிக நுண்ணிய ஒளியுணர் கருவிகளுள் ஒன்று அங்கே பயன்பட்டதற்கு அந்த இருளே முன்நிபந்தனை.

மற்றொரு முயற்சி ஜவ்வாது மலையின் காவலூரில். வேணு பாப்புவின் முயற்சியால் அங்கு நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமின் ஒளியளவி பொருத்தப்பட்டிருந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அவ்விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து பதிவுசெய்தனர். கோள் விண்மீனை நெருங்குவதற்கு முன்பே, சில விநாடிகளுக்கு ஒளி திடீரெனத் தாழ்ந்து மீண்டது. இதனை யுரேனஸின் அறியப்படாத துணைக்கோளின் மறைப்பு என்று பொருள்கொண்டு அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். அதே இரவில் விமானத்தில் பறக்கும் தொலைநோக்கியிலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு, கோளின் இருபுறமும் ஒத்தமைந்த பல தாழ்வுகளைப் பதிவுசெய்தது; அவை வளையங்கள் என்று அறிவித்தது. காவலூரின் கருவி கண்டதும் வளையத்தின் தடயத்தையே. அக்கருவி பிழைக்கவில்லை. ஒரு தாழ்வை மட்டும் வைத்து வளையத்தை ஊகிக்க முடியாது. பல தாழ்வுகளைத் தரவல்ல தளமும் வாய்ப்பும் மற்றவரிடம் இருந்தன. உணரி தருவது மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வை மட்டுமே. அதனை அறிவாக்குவது அதைச் சூழ்ந்த ஏற்பாடு.

வெடித்த சிலிக்கான்

1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரசல் ஓல், மின்னலை உணரிக்காகச் சிலிக்கானைத் தூய்மையாக்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். நடுவே விரிசல் விட்ட ஒரு துண்டின்மீது விளக்கொளி பட்டதும் எதிர்பாராத அளவு மின்னழுத்தம் எழுந்தது. மாசுகளின் பகிர்வு வேறுபட்ட இரு பகுதிகள் அத்துண்டுக்குள் சந்தித்திருந்தன. பின்னாளில் டிரான்சிஸ்டருக்கும் சூரிய மின்கலத்துக்கும் அடித்தளமான சந்தி அதுவே. கலீனா வழியில் வந்த படிக உணரி ஆய்வும், செலீனிய வழியில் வந்த ஒளிமின்கல ஆய்வும் அந்த விரிசலில் ஒன்றுசேர்ந்தன எனலாம்.

1954இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டாரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகியோர் சுமார் 6 விழுக்காடு திறன் கொண்ட சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிவித்தனர். அடுத்த ஆண்டு பியர்சன், டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களுள் ஒருவரான வால்டர் பிராட்டெயினுடன் சேர்ந்து குறைக்கடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதினார். குறைக்கடத்திப் படிகத்தை அலை உணரியாகப் பயன்படுத்திய முன்னோடி என்ற இடத்தை அக்கட்டுரை போஸுக்கு வழங்கியது. சூரிய மின்கலத்தை உருவாக்கிய கையே போஸின் முன்னுரிமையையும் பதிவுசெய்தது.

சூரிய மின்கலத்துக்கு முதலில் கிடைத்த உறுதியான வாடிக்கையாளர் விண்வெளி. 1958இல் வான்கார்ட் 1 செயற்கைக்கோள் அதனைச் சுமந்து சென்றது. இந்தியாவின் ஆர்யபட்டா 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டபோது அதன் சூரியப் பலகைகளைச் சோவியத் ஒன்றியம் அளித்தது. ஆனால் இம்முறை கதை முன்போல் முடியவில்லை. 1974இல் சாகிபாபாத்தில் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ், 1977இல் இந்தியாவின் முதல் சூரிய மின்கலத்தையும் அடுத்த ஆண்டு முதல் பலகையையும் உருவாக்கியது. அரசே ஆய்வாளராகவும் ஆலையாகவும் முதல் வாடிக்கையாளராகவும் நின்றதால் இது இயன்றது.

படமெடுக்கும் உணரியில் நிலை வேறு. 1969இல் பெல் ஆய்வகத்தின் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சி.சி.டி. சில்லு, ஒளியை எண்ணற்ற சிறு கிணறுகளில் மின்னூட்டமாகத் தேக்கி வரிசையாக வாசிப்பது. 1988 மார்ச் 17 அன்று விண்ணேறிய ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் கேமராக்கள் 2,048 உணர்புள்ளிகள் கொண்ட நேர்கோட்டு சி.சி.டி.களால் இயங்கின. ஒரு கேமரா நிலத்தை 72.5 மீட்டர் நுணுக்கத்திலும், மற்ற இரண்டு 36.25 மீட்டர் நுணுக்கத்திலும் படம்பிடித்தன. பயிர்ப் பரப்பு, காடழிவு, தரிசு நிலம், வெள்ளம் என நாட்டின் நிலவரைபடமே புதிதாக எழுதப்பட்டது. 1995இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1சி 5.8 மீட்டர் நுணுக்கத்தை எட்டியபோது குடிமைப் பயன்பாட்டுச் செயற்கைக்கோள்களில் அதுவே முன்னின்றது. கேமராவின் வடிவமைப்பும் தரவைப் பயன்படுத்தும் திறனும் இங்கே முதிர்ந்துவிட்டன. உணர்சில்லு வெளியிலிருந்து வந்தது. மொகாலியில் அரசு நிறுவிய குறைக்கடத்தி ஆலை 1989இல் தீக்கிரையானது. ஒரு விபத்து ஒரு துறையையே ஆண்டுக்கணக்கில் பின்தள்ளியதற்குக் காரணம், அதற்கு இணையாக வேறோர் ஆலை நாட்டில் இல்லாததே.

விரல்நுனியில் ஒரு கேள்வி

ஒளியுணர் சாதனம் இன்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எங்கும் கலந்துவிட்டது. அந்தியில் தானே எரியும் தெருவிளக்கு, தொலைக்காட்சியின் தொலையியக்கி, கடையின் பட்டைக்குறி வாசிப்பான், கைப்பேசிக் கேமரா எல்லாம் அதன் வடிவங்களே. திரையரங்கின் ஒலித் தலை மறைந்துவிட்டது. ஆனால் படம் பதிவாகும் கேமராவின் உள்ளே பல லட்சம் ஒளியுணர்புள்ளிகள் குடியேறியுள்ளன.

2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்திய வீடுகள் பலவற்றுள் ஓர் ஒளியுணர் கருவி நுழைந்தது: பல்ஸ் ஆக்சிமீட்டர். 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி முன்வைத்த நெறியே அதன் அடிப்படை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவுகின்றன. மறுபுறத்து ஒளி டையோடு எஞ்சியதை அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற குருதியும் ஏற்காத குருதியும் இவ்விரு நிறங்களை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், அவற்றின் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவு கணிக்கப்படுகிறது. படுக்கை கிடைக்குமா, வீட்டிலேயே இருக்கலாமா என்ற முடிவைப் பல குடும்பங்கள் அந்தச் சிறு திரையில் ஒளிர்ந்த எண்ணை நம்பியே எடுத்தன.

அந்த விகிதத்தை எண்ணாக மாற்றும் அட்டவணை மனிதர்களின்மீது சோதித்துப் பெறப்பட்டது. யார்மீது சோதித்தார்கள் என்பது அட்டவணைக்குள் ஒளிந்திருக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனை வெளிக்கொணர்ந்தது. கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நேரங்களில், குருதிச் சோதனையில் ஆக்சிஜன் 88 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 விழுக்காடு. தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. அட்டவணை அதற்குப் போதிய இடம் தரவில்லை. பல நிறத் தோல்கள் வாழும் இந்தியத் துணைக்கண்டத்துக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

1873இல் ஸ்மித் கையில் எடுத்த செலீனியத் தண்டு தன் குறையை மறைக்கவில்லை. எண் நிலைகொள்ளாமல் அலைந்ததால் குறை தானே வெளிப்பட்டது. இன்றைய கருவியின் எண் அலைவதில்லை. நிலையாக நின்று தவறான நம்பிக்கையைத் தரக்கூடும். அத்தகைய குறையைக் கண்டறிய, அளவுத்திருத்தம் செய்யும் ஆய்வகமும், தன் மக்கள்மீது நெறியோடு நடத்தப்பட்ட சோதனையும், கருவியைத் திறந்து பார்க்கும் உரிமையும் வேண்டும். ஓர் ஒளியுணரியை வெளியிலிருந்து வாங்கும்போது படிகத்தோடு அதன் அட்டவணையும் சேர்ந்தே வருகிறது. போஸின் கல்கத்தாவில் இல்லாதிருந்ததும், காவலூரின் பதிவுக்குப் போதாதிருந்ததும், சாகிபாபாத்தில் ஓரளவு கைகூடியதும் இந்தச் சூழலே. ஒரு நாடு ஒளியுணர் சாதனங்களைத் தானே செய்ய வேண்டும் என்பதற்கான வலுவான காரணத்தைப் பெருமிதத்தில் தேட வேண்டியதில்லை. விரல்நுனியில் ஒளிரும் எண் யாருடைய உடலை அளவாகக் கொண்டது என்று கேட்டு விடைபெற இயல வேண்டும் என்பதே அக்காரணம்.